குரூசரில் கால் வைக்கும் இடம்

1

சென்ற வெள்ளிக்கிழமையோடு நான் நியூசிலாந்து வந்து ஒன்றரை வருடம் முடிந்தது. கேக் வெட்டிக் கொண்டாடும் நாள் இல்லை அது. நம் ஊர் லைசென்ஸ் இங்கே அதுவரைதான் செல்லும். அதற்குமேல் வண்டி ஓட்ட வேண்டுமென்றால் இந்த ஊர் அதிகாரி முன்னால் ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். கெடு முடியப் பத்து நாள் இருக்கும்போது தேர்வுக்குப் போனேன். தேறவில்லை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று ஊரில் படிக்கிறவர்களுக்குத் தோன்றலாம். நான் குடியிருப்பது ஹாமில்டன் நகரத்தில். வேலை பார்ப்பது, பாலைக் குளிர வைக்கும் எஃகுத் தொட்டிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே இருக்கிறது. காலை ஆறு மணி ஷிப்டு. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. கும்மிடிப்பூண்டியாக இருந்தால் ஏதாவது ஒரு கம்பெனி பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தலாம், இல்லாவிட்டால் லோக்கல் ரயிலில் தொற்றிக்கொள்ளலாம். இங்கே கை காட்டினால் மாடுதான் திரும்பிப் பார்க்கும். எனக்கு பைக் மட்டும்தான், கார் ஓட்டத் தெரியாது. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் ஸ்டியரிங் பிடித்ததில்லை. என் விசாவில் இந்தக் கம்பெனியின் பெயர்தான் இருக்கிறது. வண்டி இல்லை என்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் விசா இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

தேர்வில் அதிகாரி பின்னால் காரில் வருவார். காதில் மாட்டிய கருவி வழியாக ‘இடது பக்கம் போ, வலது பக்கம் போ’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நெடுஞ்சாலையில் எனக்குக் குறையே இல்லை. கடைசியில் ஒரு சிறிய தெருவுக்குள் விட்டு, வண்டியை அப்படியே வட்டமடித்து வந்த வழியே திருப்பச் சொன்னார். என் வண்டி குரூசர் வகை மோட்டார் சைக்கிள். ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல், கியர் லீவர் எல்லாம் இன்ஜினையும் தாண்டி முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். கால் இரண்டும் நீட்டி உட்கார வேண்டும். மெதுவாகத் திரும்பும்போது பின் பிரேக்கை இலேசாக அழுத்த வேண்டும். என் கால் பெடலின் நுனியைத்தான் தொட்டது. வண்டி சாய்ந்தது, காலைத் தரையில் ஊன்றினேன். இரண்டாவது முறையும் ஊன்றினேன்.

“மிஸ்டர் முனுசாமி, மெதுவாகப் போகும்போது வண்டி உங்கள் பேச்சைக் கேட்கவில்லை” என்றார் அதிகாரி.

முனுசாமி என் நைனாவின் பெயர். நான் பிரகாஷ். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்கு எங்களிடம் பெயர் இல்லாததால் இனிஷியலை விரித்து எழுதினார்கள். அன்று முதல் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் நைனாவின் பெயரைக் கூப்பிட்டால் நான்தான் எழுந்து நிற்கிறேன். தேறவில்லை என்ற தாளிலும் அந்தப் பெயர்தான் இருந்தது. பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காத மனுஷனை நான் பரீட்சையில் பெயிலாக்கிவிட்டேன்.

மறுதேர்வுக்குப் புதன்கிழமை தேதி கிடைத்தது. வெள்ளியன்று லைசென்ஸ் முடிகிறது. இடையில் இன்னொரு வாய்ப்பு இல்லை.

2

அதுவரை தன் காரில் என்னை ஏற்றிப்போன சக தொழிலாளி வேலையை விட்டுப் போனதும், எட்டு மாதத்துக்கு முன்னால், இந்த வண்டியை ஆறடி மூன்று அங்குல உயரமுள்ள ஒருவரிடமிருந்து வாங்கினேன். என் உயரம் ஐந்தடி நான்கு. பொருந்தாது என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆனாலும் வாங்கினேன். கால் நீட்டி உட்கார்ந்து ஓட்டும் வண்டி என்பதற்காகவே வாங்கினேன்.

அதற்குக் காரணம் சொல்லக் கவரப்பேட்டைக்கு உள்ளே தள்ளி இருந்த நெல் வயலுக்குப் போக வேண்டும். எனக்கு அப்போது ஏழு வயது. நைனாவும் இன்னும் நான்கு பேரும் அறுப்புக்கு நடுவே கஞ்சி குடித்துவிட்டு வரப்பில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் புல்லட் சத்தம் கேட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பத்துக் கால்களும் ஒரே சமயத்தில் மடங்கின. நிலத்துக்காரர் வண்டியின் முன்னால் இருக்கும் லெக்கார்டுக் கம்பி மேல் இரண்டு கால்களையும் தூக்கி நீட்டியபடி, எங்கள் பக்கம் திரும்பாமலே போய்விட்டார்.

“அவருதான் பாக்கவே இல்லியே நைனா, இன்னாத்துக்கு மடக்கினீங்க?” என்று கேட்டேன்.

“பாத்துட்டா?” என்றார் நைனா.

பிறகு அந்த நிலங்கள் கம்பெனிகளாயின. நைனா ஒரு ரோலிங் மில்லில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்தார். நின்று நின்று முட்டி தேய்ந்தது. என்னைப் பாலிடெக்னிக் வரை படிக்க வைத்தார். சம்பளம் மாறியது, வீடு ஓட்டிலிருந்து தளமாக மாறியது, அந்தக் கால் மட்டும் மாறவில்லை. போன வருடம் இங்கே கேன்டீனிலிருந்து வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். நைனா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் பின்னால் போன மேனேஜர் கிரெய்க் சும்மா எட்டிப் பார்த்துக் கையசைத்தார். அவ்வளவு தூரத்துக்கு அப்பால், கடலுக்கு அந்தப் பக்கம், நைனா வலிக்கிற முட்டியைச் சரக்கென்று மடக்கிக்கொண்டார்.

அதனால்தான் வண்டி வாங்கிய அன்றே ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். கால் இரண்டும் கேமராவைப் பார்த்து நீண்டிருந்தன. நைனா அதை லேமினேஷன் போட்டு சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். மில் வாசல் டீக்கடையில் அதைப் பார்க்காதவர் கிடையாது. “கால நீட்டிக்கினு ஓட்றான் பாரு என் புள்ள!” என்று காட்டுவாராம். எந்த ஊர், என்ன வேலை, என்ன சம்பளம் என்பதெல்லாம் அப்புறம்தானாம்.

அந்தப் போட்டோ எடுத்த வாரத்திலிருந்து எனக்கு வலி.

3

வியாழக்கிழமை ஷிப்டு முடிந்ததும் ஒரு ஒர்க்ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக்கின் பெயர் ரூத். என் வயதுதான் இருக்கும். ஒரு கை முழுக்கப் பச்சை குத்தியிருந்தாள், மறு கை முழுக்க கிரீஸ்.

கால் வலிக்கிறது என்றேன். பாதமா, கணுக்காலா, முழங்காலா, தொடையா என்று கேட்டாள். நமக்கு இடுப்புக்குக் கீழே எல்லாமே கால்தான். உண்மையில் எனக்கு அதிகமாக வலித்தது முதுகெலும்பு முடியும் இடம். அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நாலு பேர் பார்க்க, திரும்பி நின்று தொட்டுக் காட்டினேன்.

“வால் எலும்பு” என்றாள் அவள், சிரிக்காமல். “கால் முன்னால் போனால் உடம்புக் கனம் முழுக்க அங்கேதான் இறங்கும். குழி வந்தால் காலை ஊன்றிக் கொஞ்சம் எழும்பக்கூட முடியாது. அடி நேரே முதுகுக்குப் போகும். காற்று வேறு காலைப் பிரித்துத் தள்ளும். இதை எடுத்துவிட்டு நடுவில் வைக்கலாம், முழங்காலுக்கு நேர் கீழே. மெதுவாகத் திருப்பும்போதும் வண்டி கட்டுப்படும்.”

“கால் நீட்டியபடியே இருக்க வேண்டும். வலிக்கவும் கூடாது” என்றேன்.

“இரண்டில் ஒன்றைச் சொல்.”

ஃபுட்ரெஸ்டுக்குப் பதில் பலகை வைத்தால் காலை முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளலாமே என்று கேட்டேன். வளைவில் தரையை உரசும், திருப்பத் தெரியாதவனுக்கு அது ஆகாது என்றாள். இருப்பதையே இரண்டு அங்குலம் பின்னால் இழுத்துக் கட்டலாமா என்றேன். கட்டலாம், வலியும் இரண்டு அங்குலம் குறையும் என்றாள்.

“எதற்கு இந்தப் பிடிவாதம்? ஸ்டைலா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வரப்பையும் பத்துக் கால்களையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

அவள் வண்டியை ஸ்டாண்டில் நேராக நிறுத்தி என்னை ஏறி உட்காரச் சொன்னாள். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள், கண்ணை மூடு, ஃபுட்ரெஸ்ட் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடு, கால் எங்கே போகிறதோ போகட்டும் என்றாள். மூடினேன். காலடியில் சாக்பீஸ் கீறும் சத்தம் கேட்டது. கண் திறந்தபோது என் இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே மடங்கி அமைதியாக நின்றன.

எனக்குச் சந்தோஷமாக இல்லை, பயமாக இருந்தது. இது என் உடம்பு கேட்கிற இடமா? இல்லை, அந்த வரப்பிலிருந்து கூடவே வந்த பழக்கமா? புல்லட் சத்தம் கேட்காமலேயே மடங்கக் கற்றுக்கொண்ட கால்களா?

இதை ரூத்திடம் வேறு மாதிரி கேட்டேன். “எனக்கு முன் இந்த வண்டியை வைத்திருந்தவருக்கு மட்டும் கால் எப்படி முன்னால் போனது?”

அவள் ஒரு கோணமானியை எடுத்து என் முழங்காலில் வைத்தாள். பிறகு கடையில் வேலை செய்த ஒரு நெட்டையனைக் கூப்பிட்டு அதே வண்டியில் பழைய ஃபுட்ரெஸ்டில் கால் வைக்கச் சொல்லி அவன் முழங்காலையும் அளந்தாள். கோணம் கிட்டத்தட்ட ஒன்றுதான். “இவன் காலை நீட்டவில்லை. இவன் கால் நீளம். உனக்கு முன் வைத்திருந்தவனும் இப்படித்தான், அவன் காலை அவன் இடத்தில் வைத்திருந்தான். நீதான் இத்தனை நாள் அவன் இடத்தில் வைத்திருந்தாய்.”

“மாற்றிவிடுங்கள்” என்றேன்.

4

சனிக்கிழமை, வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய ஃபுட்ரெஸ்டும் லீவரும் வந்து சேர்ந்தன. அன்று நான் செய்த தவறு நம் பக்கத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடியது.

கும்மிடிப்பூண்டியில் நான் முதலில் வேலை பார்த்த பிரஸ் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. தகட்டை அழுத்தும் அச்சை, அதான் டை, புதிதாக ஏற்றினால் மஞ்சள், குங்குமம் வைத்து, எல்லோரும் சேஃப்டி ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் முதல் அடி அடிப்போம். அந்த இரண்டு நிமிஷம் மட்டும் பாதுகாப்பு அதிகாரி டீ குடிக்கப் போய்விடுவார். அந்த நினைப்பில், ரூத் பூட்டி முடித்ததும் பர்ஸிலிருந்த குங்குமத்தை ஃபுட்ரெஸ்டில் வைத்தேன். பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு சாக்ஸ் காலோடு ஏறி உட்கார்ந்தேன். பெயின்ட்டில் கீறல் விழாமலிருக்கக் கழற்றுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்தக் காலுக்கே அளந்து லீவரின் உயரத்தை வைத்துவிட்டாள். அருமையாக இருந்தது. சாக்ஸோடு ஒரு ரவுண்டு அடித்து வந்தேன். சொர்க்கம்!

திங்கட்கிழமை விடிகாலை, வேலைக்குப் போடும் பூட்ஸோடு கிளம்பினேன். முனையில் இரும்பு வைத்த பூட்ஸ், அடியில் கனமான சோல். முதல் கியரை மிதித்துப் போட்டாயிற்று. இரண்டுக்குப் போக லீவரைக் கீழிருந்து தூக்க வேண்டும். பூட்ஸ் முனை லீவருக்கு அடியில் நுழையவே இல்லை. முதல் கியரிலேயே வண்டி அலறுகிறது. ஆடி மாதம் இங்கே நல்ல குளிர்காலம். பத்தடிக்கு அப்பால் தெரியாத பனி. வேறு வழி? ஓரமாக நிறுத்தி, இடது பூட்ஸைக் கழற்றி ஹேண்டில்பாரில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, சாக்ஸ் காலால் கியர் போட்டபடி நாற்பது கிலோமீட்டர் போனேன். பின்னால் வந்த பால் லாரிக்காரர் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துக் கும்பிடு போட்டார். கேட்டில் கிரெய்க் என் ஈரக் காலைப் பார்த்தார், தொங்கும் பூட்ஸைப் பார்த்தார். ஹீட்டர் பக்கம் கை காட்டினார்.

சாயங்காலம் ரூத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இணைப்புக் கம்பியின் நட்டைத் தளர்த்தி லீவரை ஒரு அங்குலம் தூக்கினாள். சோல் கனத்துக்கு ஏற்ப ஃபுட்ரெஸ்டையும் கொஞ்சம் இறக்கினாள்.

வண்டி வாங்கப் போகிற தம்பிகளுக்காகச் சொல்கிறேன், இங்கே என்றாலும் செவ்வாப்பேட்டையில் என்றாலும் ஒன்றுதான். கடையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். தினமும் எந்தச் செருப்பு, எந்த ஷூ போட்டு ஓட்டுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். கண்ணை மூடிக் காலை விடுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, வலி எங்கே என்று கேளுங்கள். சாமி கும்பிடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

5

செவ்வாய்க்கிழமை, தேர்வுக்கு முந்தின நாள். இங்கே மதியம் ஷிப்டு முடியும்போது ஊரில் காலை எட்டு மணி. நைனாவே கூப்பிட்டார்.

“டேய் பர்காசு! அந்த போட்டோ இன்னோண்ணு கிளியரா அனுப்புடா. கூழ் ஊத்தற திருவிழாவுக்குப் பசங்க ப்ளெக்சு அடிக்கிறானுங்க. உன்ன நடுவுல போட்றானுங்களாம்.”

“நானா? நான் இன்னா பண்ணேன் நைனா?”

“நீ ஒண்ணும் பண்ண வேணாம். காலு ரெண்டும் முன்னாடி வர்ற மாரி எட்து அனுப்பு. ரோட்ல போறவன் தலைக்கு மேல உன் பூட்சு தெரியணும்.”

சொல்லித்தான் ஆக வேண்டும். நாளைக்குத் தேறினாலும் தேறாவிட்டாலும் இதை மறைத்துவிட்டு வண்டியில் உட்கார என்னால் முடியாது.

“நைனா, ஃபுட்ரெஸ்ட்ட மாத்திட்டேன். முன்னாடி இருந்தத கழட்டிட்டு நடுவுல வெச்சிக்கினேன். இப்ப காலு மடங்கித்தான் இருக்கும்.”

மிக்சி ஓடும் சத்தமும் காக்காய்ச் சத்தமும் கேட்டன. பிறகு நைனா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“எவன்னா சொன்னானா?”

“இன்னாது?”

“காலை மடக்கிக்கோன்னு எவன்னா சொன்னானாடா? கம்பெனில? அந்த டெஸ்ட்டுகாரன்? மறைக்காம சொல்லு.”

“யாரும் சொல்லல நைனா. நானேதான். கண்ண மூடிக்கினு உக்காந்தா காலு தானா அங்கதான் போவுது.”

“தானா போவுதுன்னா அதான்டா பேஜாரு” என்றார் நைனா. “எனுக்கும் தானாதான் போவுது.”

ஒர்க்ஷாப்பில் எனக்கு வந்த அதே பயம். ஒரு எழுத்தும் படிக்காத மனுஷன் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டார். நான் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டேன்.

“எனக்கும் அந்த டவுட்டு வந்துச்சு நைனா. அதுக்குத்தான் அளந்து பாத்தோம். இந்த வண்டிய வெச்சிருந்த ஆளு பனமரம் மாரி. அவன் ஒண்ணும் காலை நீட்டல, அவன் காலே அவ்ளோ நீளம். அவன் முட்டி எவ்ளோ மடங்குதோ அவ்ளோதான் எனக்கும் மடங்குது. ஆனா இடம் வேற. அவன் காலுக்கு வெச்ச இடத்துல என் கால வெச்சிக்கினு எட்டு மாசமா முதுகு ஒடைஞ்சிச்சு. இப்ப என் காலுக்கு நான் வெச்சிக்கினேன்.”

“அப்ப உன் காலு குட்டக் காலு.”

“உன் காலுதான்.”

நைனா சிரித்துவிட்டார். “அது சரி. கயிறு கட்டி இழுத்தாலும் நம்ம காலு நீளாது.” பிறகு கேட்டார். “இப்ப வலிக்கிதா?”

“இல்ல நைனா.”

“நாளிக்கு பாஸ் பண்ணிடுவியா?”

“பண்ணிடுவேன்.”

“அப்ப வுடு. ப்ளெக்சுல பழைய போட்டோவையே போட்டுக்கறோம். அதுல காலு நல்லா நீளமா கீது.”

6

புதன்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. அதே அதிகாரி, அதே சிறிய தெரு. “வட்டமடித்துத் திருப்புங்கள், மிஸ்டர் முனுசாமி” என்றது காதுக்குள் குரல்.

முட்டி இரண்டும் டேங்கை அணைத்துப் பிடித்திருந்தன. பாதம் பெடல் மேல் முழுதாக இருந்தது. கிளட்சைப் பாதி விட்டு, பின் பிரேக்கை இலேசாக அழுத்தித் தலையைத் திருப்பிப் பார்த்தேன். நான் பார்த்த பக்கம் வண்டி வந்தது. ஈரத் தாரில் என் பூட்ஸ் படவே இல்லை. வால் எலும்பு என்று ஒன்று எனக்கு இருப்பதே அந்த நாற்பது நிமிஷமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

தாளை வாங்கிக்கொண்டு நேரே தொழிற்சாலைக்குப் போனேன். அரை நாள்தான் விடுப்பு கேட்டிருந்தேன். வேலையெல்லாம் முடிந்து கேன்டீனில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ போட்டேன். நைனாவுக்கு அன்று வார விடுமுறை. கூடத்தில் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் முட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா சொன்னான்? அவன் வாயால சொன்னத அப்டியே சொல்லு.”

“மிஸ்டர் முனுசாமி, நீங்க பாஸுன்னான்.”

“பேர சொன்னானா?”

“பேர சொல்லித்தான் சொன்னான். தாள்லயும் போட்டுக் குட்த்தான்.”

“ஏய், கேட்டுக்கினியா?” என்று அம்மா பக்கம் திரும்பினார். “இஸ்கூல் பக்கமே போவாதவன் வெளிநாட்ல பாஸ் பண்ணிக்கீறேன்! அந்தத் தாள அனுப்பச் சொல்லு, ப்ளெக்சுல அத்தயும் போட்றலாம்.”

“உன் மூஞ்சியையும் சேத்துப் போடச் சொல்லு, திருஷ்டிக்கு ஆவும்” என்றாள் அம்மா.

நான் சிரித்த சத்தத்தில் கிரெய்க் எழுந்து வந்தார். தேறிய செய்தி அவருக்குக் காலையிலேயே தெரியும். என் தோளைத் தட்டிவிட்டு, யார் என்று பார்க்கப் போனுக்குள் குனிந்தார். அவர் முகம் திரையை நிறைத்தது. “ஹலோ, மிஸ்டர் முனுசாமி!” என்று உரக்கச் சொன்னார். இந்த ஒரு முறை அந்தப் பெயர் உரியவரிடமே போய்ச் சேர்ந்தது.

அம்மா பதறிப்போய் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “யோவ், ஆபீசர் பாக்கறாருய்யா! காலை மடக்கு!”

நைனாவின் முட்டி ஒரு முறை அசைந்தது. அவர் கிரெய்க்கைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். பிறகு கையை உயர்த்திக் கிரெய்க்குக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்:

“இரு, எண்ண காயட்டும்.”